சூட்டுத்தட்டில் கண் போன பூச்சி

என் நாத்தனார் முப்பத்து மூன்று வருடம் பூச்சியின் முடியை எண்ணியே சம்பளம் வாங்கினாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் அந்த வேலையில் சேர்ந்த புதிதில் நானும் சிரித்தவள்தான். ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். என்னை மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரவைத்து, பூச்சியின் முதுகில் எத்தனை முடி தெரிகிறது என்று கேட்டாள். பன்னிரண்டு என்றேன்.

“பதினேழு அண்ணி. அஞ்சு முடியைத் தொலைச்சிட்டீங்க. இப்ப அது வேற இனமா ஆயிடுச்சு.”

அத்தோடு என் சிரிப்பு நின்றது. ஐந்து முடியில் குலம் மாறுமென்றால் எங்கள் வீட்டு ஆண்கள் எத்தனை குலம் மாறியிருப்பார்கள் என்று மட்டும் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அவள் பார்த்தது துள்ளுவால் பூச்சி. மூன்று மில்லிமீட்டர் நீளம் இருந்தால் அது அந்தக் கூட்டத்தில் பெரிய ஆள். வயிற்றுக்கு அடியில் கவட்டை மாதிரி ஒரு வாலை மடக்கிக் கொக்கி போட்டு வைத்திருக்கும். பயந்தால் கொக்கி விடுபடும், வால் தரையை அடிக்கும், பூச்சி எங்கோ போய் விழும். எங்கே விழப்போகிறது என்பது அதற்கே தெரியாது. என் வீட்டுக்காரர் கோபப்படுவதும் ஏறக்குறைய இதே முறையில்தான்.

ஈரமண், சருகுக் குவியல், பூந்தொட்டி என்று எங்கும் இருக்கும். குகைக்குள்ளும் இருக்கும். குகையின் ஆழத்தில் இருப்பவைதான் கௌரவமானவை. வெளிச்சமே இல்லாத இடத்தில் நிறத்துக்கும் கண்ணுக்கும் எதற்கு வீண் செலவு என்று தலைமுறை தலைமுறையாக இரண்டையும் கைவிட்டுவிட்டு, உணர்கொம்பையும் காலையும் நீட்டிக்கொண்டு, தடவித் தடவியே வாழ்பவை. வெள்ளையாக இருக்கும். கண் இருக்காது. அப்படி ஒன்று கிடைத்தால் பூச்சி பிடிப்பவர்களுக்குக் கால் தரையில் படாது.

என் நாத்தனார் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ஸ்லைடு தயாரிக்கும் உதவியாளராகச் சேர்ந்தாள். சேர்ந்த பதவியிலேயே கடைசிவரை இருந்தாள். அருங்காட்சியகத்தில் அவளுக்கு ‘முடியெண்ணி’ என்று பெயர். அவளுக்கு அது தெரியும், கவலைப்பட்டதில்லை. இந்தக் கண் அவளுக்குச் சின்ன வயதிலேயே உண்டு. இருபத்து நாலு வயதில் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை தன் அக்கா மகள் என்று ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றையும் கூட்டிவந்திருந்தார். இவள் தண்ணீர் கொடுக்க வந்தாள். மாப்பிள்ளையின் காதுமடலைப் பார்த்தாள், குழந்தையின் காதுமடலைப் பார்த்தாள், இரண்டு பேர் நெற்றியிலும் இடப்பக்கம் சுழித்துக்கொண்ட முடியைப் பார்த்தாள். சபையில் எல்லோருக்கும் கேட்கும்படி, “இது உங்க பொண்ணுதானே?” என்று கேட்டாள். அவருடைய பெண்தான். முதல் மனைவி வேறு ஊரில் உயிரோடுதான் இருந்தாள். அதற்குப் பிறகு வந்த வரன்காரர்கள் காதை மூடிக்கொண்டு வந்தார்களோ என்னவோ, எதுவும் அமையவில்லை. அவளும் அமைத்துக்கொள்ள அவசரப்படவில்லை. அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். நானும் அவளும் ஒரே சமையலறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து இரண்டு பேரும் முழுசாக இருக்கிறோம் என்றால், அதற்கு அவள் பாதி நாள் லேபிலும் நர்ஸான நான் பாதி நாள் யாராவது நோயாளியின் கட்டில் பக்கத்திலும் இருந்ததுதான் காரணம்.

பூச்சியைப் பார்க்க அவளுக்கு ஒரு வரிசை உண்டு. தலையில் ஆரம்பிப்பாள். முதலில் கண்: தலையின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு எட்டு வரை குட்டிக் குட்டி வில்லைகள் இருக்கலாம், அவற்றுக்கு அடியில் மை தீட்டியது போல ஒரு கறுப்புத் திட்டு. அடுத்தது உணர்கொம்பு தலையைவிட நீளமா, குட்டையா. பிறகு கால் நகத்தில் எத்தனை பல். பிறகு கவட்டை வாலின் நுனி எப்படி வளைந்திருக்கிறது. கடைசியில் முதுகில் ஒவ்வொரு வளையத்திலும் எத்தனை முடி, எந்த முடி எதற்குப் பக்கத்தில். படுத்த படுக்கையாக இருப்பவர்களை நான் துடைத்துவிடும் வரிசையும் தலையிலிருந்துதான். வரிசையை விட்டால் ஏதாவது ஒரு மடிப்பு விட்டுப்போகும் என்பது இரண்டு தொழிலுக்கும் பொது.

பூச்சியை அப்படியே வைத்தால் உள்ளே எதுவும் தெரியாது. அதனால் சின்னக் கண்ணாடிக் குழிக்கிண்ணத்தில் லேக்டிக் அமிலம் விட்டு, அதில் பூச்சியைப் போட்டு, சூட்டுத்தட்டில் வைப்பாள். உள்சதை கரைந்து பூச்சி கண்ணாடி மாதிரி ஆகிவிடும், தோலின் நிறமும் கண் திட்டும் மட்டும் தங்கும். பதினைந்து நிமிடம், மிஞ்சிப் போனால் இருபது. பிறகு அதை ஸ்லைடில் கிடத்தி, மேலே மெல்லிய கண்ணாடி மூடி, இரண்டு லேபிள் ஒட்டுவாள். இடது லேபிளில் எங்கே, என்றைக்கு, யார் பிடித்தது என்று இருக்கும். வலது லேபிளில் எதில் போட்டது, எவ்வளவு நேரம் சூடு காட்டியது என்று இருக்கும். வலது லேபிள் முழுக்க அவள் எழுத்து.

முடியை எண்ணுவது அவள். படம் வரைவது அவள். ‘இது பழைய இனம் மாதிரி இல்லையே சார்’ என்று முதலில் சொல்வதும் அவள். பெயர் வைப்பது பிரிவுத் தலைவர். கட்டுரையின் கடைசியில், ஸ்லைடு தயாரித்து உதவியவருக்கு நன்றி என்று ஒரு வரி வரும். யார் அவர் என்று வராது. பிள்ளைப்பேறு பார்த்தவளுக்கு நன்றி சொல்லிவிட்டு, குழந்தையை நானே பெற்றேன் என்று டாக்டர் சொல்வது போல. அப்படி ஒன்பது பூச்சிகள் அவள் கைவழியாகப் பிறந்தன. ஒன்றுக்குத் தலைவரின் மாமனார் பெயர்கூட இருக்கிறது. அந்த மாமனார் வாழ்நாளில் ஒரு கொசுவைக்கூடக் கூர்ந்து பார்த்தவரில்லை என்று கேள்வி.

இந்தக் கடைசிப் பிரிவுத் தலைவர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். நல்ல உடம்பு. நான் சொல்வது அளவை. அவருடைய அறையில் விளக்கு பொருத்திய ஹெல்மெட்டோடு அவர் நிற்கும் போட்டோ ஒன்று ஆளுயரத்தில் உண்டு. அவள் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது, பழைய சுண்ணாம்புக் குகை ஒன்றுக்கு அவர் நேரில் போனார். ஆல்கஹால் நிரப்பிய ஒரு குப்பியில் பூச்சிகளோடு திரும்பினார். குப்பிக்குள் அவரே எழுதிப் போட்ட சீட்டில், ‘குகையின் உட்பகுதி, முழு இருள்’ என்றிருந்தது.

அவள் அதிலிருந்து பதினோரு பூச்சிகளை எடுத்து அமிலத்தில் போட்டுச் சூட்டுத்தட்டில் வைத்த நேரத்தில்தான் இங்கே என் வீட்டுக்காரர் குளியலறையில் வழுக்கினார். கணுக்கால் சுளுக்கு. நான் கட்டுப்போடத் துணி எடுத்துவரப் போன இரண்டு நிமிடத்தில் தங்கைக்குப் போன் போட்டு, “நான் போறேம்மா, அண்ணியைப் பாத்துக்க” என்று சொல்லியிருக்கிறார். அவள் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் வாசலில் செருப்பை விடும்போது, போகப்போகிறவர் காலை நீட்டி உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அண்ணனை நாலு வார்த்தை திட்டினாள். திட்டி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் டம்ளரை வைத்துவிட்டு, வந்த வேகத்தில் திரும்பிப் போனாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி இருபது நிமிடம் ஆகியிருந்தது. கிண்ணத்தில் அமிலம் பாதியாகச் சுண்டியிருந்தது. பூச்சிகள் கரைந்து போகவில்லை. முடி, நகம், வால் எல்லாம் முழுசாக இருந்தன. சொல்லப்போனால் இதுவரை இல்லாத அளவுக்குத் தெளிவாக இருந்தன. தப்பித்தோம் என்று ஸ்லைடு போட்டுவிட்டாள். இடது லேபிளை ஒட்டினாள். வலது லேபிளை அப்புறம் எழுதலாம் என்று வைத்தாள். எதையும் அப்புறம் என்று வைக்காதவள்.

மறுநாள் தலைவர் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தார். வெள்ளை வெளேரென்ற பூச்சி. கண் திட்டு இல்லை. குகையின் உட்பகுதி, முழு இருள். அவர் எழுந்து நின்ற வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்ததாம். அன்று மாலைக்குள் டைரக்டருக்குக் கடிதம் போய்விட்டது: புதிய இனம், கண்ணற்றது, உலகில் வேறெங்கும் இல்லாதது. அதோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை. அவர் இவள் மேஜைக்கு வந்து, இத்தனை வருட உழைப்புக்கு மரியாதையாக அந்தப் பூச்சிக்கு இவள் பெயரையே வைக்கப்போவதாகவும், ஓய்வு பெறும் நாள் விழாவில் அறிவிக்கப்போவதாகவும் சொல்லிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்போடு சமையலறை வரை வந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். என் வீட்டுக்காரர், சுளுக்கிய காலோடு எழுந்து நின்று, “நம்ம குடும்பப் பேரு ஒரு பூச்சிக்கா!” என்று கண் கலங்கினார். அவருக்குப் பெருமையா வருத்தமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவளோ அவருடைய மாத்திரை அட்டவணையின் பின்பக்கத்தில் தன் பெயரை எழுதி, அதன் நுனியில் அறிவியல் பெயருக்கு வேண்டிய இரண்டு எழுத்து லத்தீன் வால் சேர்த்து, ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நாள் அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. நல்ல துணி, நகை, ஊர் சுற்றுவது எதற்கும் இல்லை. இதற்கு ஆசைப்பட்டாள். அது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. புத்தகத்தில் ஏறிய பெயர் அழியாது அண்ணி, ஆள் போன பிறகும் எவராவது அந்தப் பூச்சியைப் பற்றி எழுதும்போதெல்லாம் என் பெயரை எழுதித்தான் ஆகணும் என்று இரண்டு தடவை சொன்னாள்.

பிறகு இரண்டு வாரம் அவள் ஒரு மாதிரி இருந்தாள். பெட்ஷீட்டை மூன்று தரம் உதறினாள். அரிசியில் கல் பொறுக்கினாள், அது கல் இல்லாத அரிசி. தலைவர் முடிகளின் வரைபடம் கேட்டால், மற்ற வேலை இருக்கிறது சார் என்று தள்ளிப்போட்டாள். முப்பத்து மூன்று வருடத்தில் தன் சொந்த ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைக்க அவளுக்கு நேரமில்லாமல் போனது அப்போதுதான். காய்ச்சல் இருப்பது தெரிந்தே தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே நிற்கும் நர்ஸை நான் பார்த்திருக்கிறேன். அதே முகம்.

கடைசியில் ஒரு காலையில் பெரிய லென்ஸ் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, பக்கவாட்டில் பார்த்தாள். தலையின் ஒவ்வொரு பக்கமும் எட்டு மெல்லிய வட்டங்கள். கழுவி வைத்த கண்ணாடி வளையல் மாதிரி. கண் இருந்திருக்கிறது, பதினாறும் இருந்திருக்கிறது. மூன்று மணி இருபது நிமிடச் சூட்டில் அடியிலிருந்த கறுப்பு மை மட்டும் கரைந்து போயிருக்கிறது. உடம்பின் நிறமும் அதோடு போயிருக்கிறது. இயற்கை ஆயிரக்கணக்கான தலைமுறையில் செய்யும் வேலையை என் வீட்டுக்காரரின் சுளுக்கு மூன்றரை மணி நேரத்துக்குள் செய்துவிட்டது.

சந்தேகத்தோடு நிறுத்துபவள் இல்லையே அவள். தலைவரின் குப்பியைத் தேடி எடுத்தாள். அடியில் படிந்த சேற்றை வடிகட்டினாள். நாலு பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன, சூடு படாதவை. சாம்பல் நீல உடம்பு, தலையில் இரண்டு பக்கமும் கறுப்புத் திட்டு. நகத்தின் பல், வாலின் நுனி, முதுகு முடி எல்லாம் அந்தப் பதினொன்றோடு ஒத்துப்போயின. உணர்கொம்பும் தலையளவுதான், குகைப் பூச்சிக்குரிய நீட்டம் இல்லை. பிறகு நாலில் ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே மூன்று மணி இருபது நிமிடம் சூட்டுத்தட்டில் வைத்து, சாப்பிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்கும் கண் போயிற்று. எஞ்சிய மூன்றை இனம் காணும் புத்தகத்திலுள்ள கேள்விகளை வரிசையாகக் கேட்டு நகர்த்திக்கொண்டே போனாள். அவை தோட்டத்திலும் பூந்தொட்டியிலும் துள்ளும் மிகச் சாதாரண இனத்தில் போய் நின்றன. வீட்டுக்கு வந்து, என் சாதக்கரண்டியால் மாடிப் பூந்தொட்டியைக் கிளறி நாலைந்தைப் பிடித்துக்கொண்டு போய் ஒப்பிட்டும் பார்த்துவிட்டாள். கரண்டி திரும்பி வரவில்லை.

தொட்டிப் பூச்சி குகையின் உட்பகுதிக்கு எப்படிப் போயிற்று? அதையும் கேன்டீனில், தலைவரைக் குகைக்குக் கூட்டிப்போன டிரைவரிடம் விசாரித்தாள். உள்ளே போகும் வழி குறுகல், தலைவர் இடுப்போடு நின்றுவிட்டார், இரண்டு பேர் பின்னாலிருந்து இழுத்துத்தான் எடுத்தோம், அப்புறம் வாசல் பக்கத்துச் சருகிலேயே உட்கார்ந்து உறிஞ்சுகுழாயால் பிடித்தார் என்று டிரைவர் சொன்னார். முழு இருள் என்று எழுதியிருக்கிறாரே என்று இவள் கேட்டதற்கு, “அவர் எட்டிப் பாத்த இடம் இருட்டாத்தான் இருந்துச்சு, வழியை அவரே அடைச்சிட்டில்ல நின்னாரு” என்றாராம்.

அன்று சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள். நான் நடைமுறைக்காரி. பேசாமல் இரு என்றுதான் சொன்னேன். யாருக்கு என்ன நஷ்டம்? பூச்சி கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. தலைவரின் மாமனாருக்கு ஒரு பூச்சி இருக்கும்போது உனக்கு ஒன்று இருந்தால் ஆகாதா?

“அண்ணி, நீங்க ஒரு தடவை வார்டுல ஊசி மாத்திப் போட்டீங்களே, அதை சார்ட்டுல எழுதினீங்களா இல்லையா?”

“எழுதினேன். அதுக்கு ஆறு மாசம் பெட்பேன் கழுவினேன். அது மனுஷ உயிர்டி.”

“இது மட்டும் என்ன? நாளைக்கு இன்னொரு ஊர்ல ஒருத்தி இதை வாங்கிப் பாப்பா. பாத்த உடனே தெரிஞ்சிடும். பேரை அடிச்சிடுவாங்க. ஆனா அடிச்ச பேரு போகாது அண்ணி. தப்பா வச்ச பேருன்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல போய் உக்காந்துக்கும். பூச்சியை வேகவச்சவன்னு காலத்துக்கும் நான் அதுல உக்காந்திருக்கணும்.”

“அப்ப உனக்குப் பொய்யில பயம் இல்ல. மாட்டிக்கிறதுலதான் பயம்.”

நறுக்கிய காயைத் தட்டில் தள்ளினாள். “ரெண்டும்தான்” என்றாள். “பாதிப் பாதி.”

அதனால்தான் அவளோடு இத்தனை வருடம் காலம் தள்ள முடிந்தது. உத்தமி வேஷம் போடுகிறவர்களோடு ஒரு சமையலறையில் இருக்க என்னால் ஆகாது.

மறுநாள் தலைவரிடம் சொன்னாள். அவர் ஆடிப்போவார் என்று எதிர்பார்த்துப் போயிருக்கிறாள். பெரிய படிப்பு படித்தவர்களை அவ்வளவு சுலபமாக ஆட்ட முடியாது. வட்டங்களைக் காட்டினாள். அப்படியானால் கண் மறைந்துகொண்டிருக்கும் நிலையில் பிடித்துவிட்டோம், இது இன்னும் அபூர்வம் என்றார். நிறமுள்ள மூன்றைக் காட்டினாள். அது பக்கத்து இனம், இரண்டும் கலந்து வாழ்கின்றன, தனிக் கட்டுரை எழுதலாம் என்றார். வேண்டுமென்றே சூடு காட்டிக் கண் போன நாலாவதைக் காட்டினாள். அதை மட்டும் அவர் பார்க்கவில்லை. அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது, டைரக்டர் மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார் என்றார்.

“ஏம்மா, உங்க பேரைத்தானே வைக்கிறேன்? இதுல எனக்கென்ன லாபம்?”

லாபம் என்னவென்று அவளுக்குத் தெரியும். பூச்சியின் பெயரை எழுதும் இடத்திலெல்லாம் அதை வைத்தவர் பெயரையும் பக்கத்தில் எழுத வேண்டும். மாலை அவளுக்கு, மேடை அவருக்கு. அவள் ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் என் வீட்டுக்காரர், தலைவரே சரி என்று சொல்லும்போது உனக்கென்ன நோவு, நான் விழாவுக்குச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டேன் என்றார். அவரை யாரும் லட்சியம் பண்ணவில்லை.

அடுத்த இரண்டு நாள் அவள் மேஜையில் தலைவரின் கட்டுரை இருந்தது, பூச்சிக்கு வைத்த அவள் பெயரோடு. வரைபடம் மட்டும்தான் பாக்கி. அவள் வரைந்து கொடுத்தால் போதும். மூன்றாம் நாள் காலையில் உட்கார்ந்து, பாக்கி வைத்திருந்த வலது லேபிள்களை எழுதினாள். பதினொன்றும் எழுதினாள். ‘லேக்டிக் அமிலம், சூட்டுத்தட்டு, 3 மணி 20 நிமிடம். தயாரித்தவரின் கவனக்குறைவு. கண் நிறமும் உடல் நிறமும் கரைந்துவிட்டன.’ நகத்தளவு லேபிளில் இவ்வளவையும் அடைக்க அவளால்தான் முடியும். ஒட்டினாள். காயவைத்தாள். ட்ரேயைக் கொண்டுபோய்த் தலைவர் மேஜையில் வைத்தாள்.

ஒரு இனத்துக்குப் பெயர் வைத்தால், எந்தப் பூச்சியைப் பார்த்து வைத்தார்களோ அந்த ஸ்லைடைக் காலத்துக்கும் பாதுகாக்க வேண்டும். உலகத்தில் எந்த மூலையிலிருந்து எவர் கேட்டாலும் லேபிளோடு அனுப்ப வேண்டும். கட்டுரையில் எதையும் எழுதலாம். லேபிளும் கூடவே பயணம் போகும். தலைவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றித் துடைத்து இன்னொரு தடவை படித்தார். அதை எடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் என்று எழுதி ஒட்டச் சொன்னார்.

“நீங்களே எழுதுங்க சார். எல்லா ட்ரேயிலயும் என் எழுத்து இருக்கு, இதுல மட்டும் உங்க எழுத்து இருக்கட்டும்.”

அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். பிறகு மூடி வைத்துவிட்டு, ட்ரேயைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார் என்று சொன்னாள். மறுவாரம் கட்டுரை, ‘கூடுதல் ஆய்வு தேவைப்படுவதால்’ ஒத்திவைக்கப்பட்டது. அந்தக் கூடுதல் ஆய்வு இன்னும் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. இவளை மிச்சமிருந்த நாளுக்கு அந்துப்பூச்சி அலமாரியைத் தூசி தட்டப் போட்டார்கள். வீட்டுக்கு வரும்போது புருவத்தில் செதில் ஒட்டியிருக்கும். அண்ணி, தும்மாதீங்க, அது எண்பது வருஷப் பழசு என்பாள். ராத்தூக்கம் மட்டும் ஒழுங்காக வந்தது. பெயர் போனது வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். மாத்திரை அட்டவணையை நான் புதிதாக எழுதிப் பழையதைக் கிழித்தபோது, அவள் அதன் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பதினோரு கண்ணற்ற பூச்சி, சோதித்த ஒன்று, நிறமுள்ள மூன்று, ஆகப் பதினைந்து ஸ்லைடு அநாதையாக நின்றன. பெட்டிக்குள் வைக்கவேண்டுமென்றால் இது இன்ன இனம் என்று ஒருவர் கண்டறிந்து, மூன்றாவதாக ஒரு லேபிள் எழுதித் தன் பெயரைப் போட வேண்டும். அது தலைவர் மட்டுமே போடும் லேபிள். வேறு யாரும் போட்டு அந்த அறையில் வழக்கமில்லை. ஓய்வுக்கு ஒரு வாரம் முன்னால் அவள் ட்ரேயைக் கொண்டுபோய்க் கேட்டிருக்கிறாள். புது இனத்துக்கெல்லாம் பெயர் வைத்த கையால் தொட்டிப் பூச்சிக்குக் கையெழுத்துப் போட அவருக்கு மனம் வரவில்லை. “அதை நீங்களே போட்டுக்கோங்கம்மா” என்று கையை வீசிவிட்டார்.

விழா நடந்தது. அழைப்பிதழில் பூச்சி இல்லை. சமோசா இருந்தது. தலைவர் பேசும்போது, தன் பிரிவில் உண்மையாக இருக்கக் கொடுக்கப்படும் பயிற்சியைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினார். பதினைந்து நிமிடம்தான், எண்ணிப் பார்த்தேன், மிஞ்சவில்லை. என் வீட்டுக்காரர் புதுச் சட்டையில் எல்லாவற்றுக்கும் கை தட்டினார்.

முடிந்ததும் அவள் என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போனாள். இழுப்பறையைத் திறந்தாள். பதினைந்து ஸ்லைடும் படுத்திருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்றாவது லேபிள்: முதல் வரியில் அந்தச் சாதாரணப் பூச்சியின் சாதாரணப் பெயர், அடுத்த வரியில் ‘கண்டறிந்தவர்’ என்று போட்டு அவள் பெயர். லத்தீன் வால் இல்லாமல், அப்பா வைத்த பெயர். சின்ன எழுத்து. படிக்கும் கண்ணாடியைப் போட்டும் நான் ஜன்னல் பக்கம் போக வேண்டியிருந்தது.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த வேகவச்ச பதினொண்ணை எதுக்குடி வச்சிருக்கே? தூக்கிப் போட்டா தெரியவா போகுது?”

“வேற எவளாவது அடுப்புல மறந்துட்டு, கண்ணில்லாத பூச்சின்னு குதிச்சா, இதை எடுத்துப் பாக்கட்டும்னுதான்.”

ட்ரேயை உள்ளே தள்ளி, இழுப்பறையைப் பூட்டினாள். சாவியைக் கொண்டுபோய்த் தலைவரிடம் கொடுத்தாள். அவர் புன்னகையோடு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பப் பார்த்தார். இவள் நகரவில்லை. சாவி பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுங்கள் சார் என்றாள். அவர் எழுதினார். தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தாள். தேதியும் போட்டார். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினாள்.